கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் யார் பெயர்?

போன இதழ் அச்சுக்குப் போன வாரம் ஒரு மாணவி நம் பத்திரிகை அறைக்கு வந்தார். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நாலு வருஷம் ஆய்வுக்கூடத்தில் நின்று கால் வீங்கியவர். கையில் ஒரு விண்ணப்பத்தின் நகல் வைத்திருந்தார். அவருடைய ஆய்வில் கிடைத்த ஒரு செய்முறைக்குப் பேட்டன்ட் கேட்டுப் பல்கலைக்கழகம் மனுப் போட்டிருக்கிறது. ‘கண்டுபிடித்தவர்கள்’ என்ற கட்டத்தில் நெறியாளர் பெயர் இருக்கிறது. துறைத் தலைவர் பெயர் இருக்கிறது. அந்தச் சோதனைக் குழாயைக் கண்ணால்கூடப் பார்த்திராத இன்னொருவர் பெயரும் இருக்கிறது. இவர் பெயர் இல்லை.

“கேட்டியாம்மா?” என்றேன்.

“கேட்டேன் தோழர். ‘ஒனக்குப் பட்டம் வேணுமா, பேட்டன்ட் வேணுமா’ன்னாங்க.”

ஊர், பெயர், பல்கலைக்கழகம் எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

நாட்டில் எரிகிற பிரச்சினை எத்தனையோ இருக்க, ஒரு மாணவியின் காகிதத்துக்குத் தலையங்கமா என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். எரிகிற பிரச்சினைதான் இது. போராடிப் போராடி நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குள் அனுப்புகிறோம். உள்ளே போனபின் அவர்கள் கையால் உண்டாகிற அறிவு யார் பெயரில் பட்டா ஆகிறது? நிலத்துக்குப் பட்டா கேட்டுத் தலைமுறை தலைமுறையாக மனுக் கொடுத்துக் கொண்டிருக்கிறவர்கள் நாம். உழுதவன் ஒருவன், பட்டாவில் பெயர் வேறொருவன் என்பது நமக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. அறிவுக்கும் பட்டா உண்டு. அதை எழுதிக் கொடுக்கிற ஆபீசும் உண்டு. பேட்டன்ட் என்று நாம் சொல்கிற காப்புரிமை அதுதான். இதைப் பற்றி நம் பக்கங்களில் இதுவரை நாம் பேசவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எனக்கு இந்த விஷயம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. எங்க நைனாவின் காதிலிருந்து வந்தது.

நைனா வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைத் தூக்கிப் போடுவது, மயிர் சீவுவது, ஆவாரம் பட்டை ஊறிய தண்ணியில் முக்கி எடுப்பது அவர் வேலை. 1979இல் அவருக்கு டி.பி. வந்தது. சளியில் ரத்தம். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எழுதினார்கள். ரெண்டு மாசம் நாள் தவறாமல் ஊசி, அதற்கப்புறமும் மாசக்கணக்கில் மாத்திரை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அவரோடு மூணு மைல் நடந்து போய் ஊசி போட்டுக் கூட்டிவருவேன்.

ஊசி அவர் உயிரைக் காப்பாற்றியது. அதே ஊசி, காதின் உள்ளே உடம்பை நிமிர்த்தி வைக்கிற நரம்பையும் கெடுத்தது. நடந்தால் தள்ளாடுவார். இருட்டிவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வாழ்நாளில் கள்ளைத் தொடாத மனுஷன். ஊர்த்தெரு வழியாக வரும்போது, ‘பகல்லியே ஊத்திக்கினு வர்றான் பாரு சேரிக்காரன்’ என்றார்கள். காது மந்தமாகிவிட்டதால் அவருக்கு அது கேட்கவில்லை. பக்கத்தில் நடந்த எனக்குக் கேட்டது.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தார்கள் என்று பல வருஷம் கழித்துத் தேடிப் படித்தேன். படித்தபோது, கையில் காகிதத்தோடு வந்த இந்த மாணவியின் கதை அங்கேயும் இருந்தது.

1943. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிற துறையில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர். ஏழை யூத விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மாசத்துக்கு 40 டாலர் உதவித்தொகை. டி.பி. கிருமியை வைத்துச் சோதனை செய்வது ஆபத்து என்பதால் அவருக்குக் கட்டிடத்தின் நிலவறையில் இடம் ஒதுக்கினார்கள். பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன் மேல்மாடியில் இருந்தார். அந்த நிலவறைக்கு அவர் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை என்று ஷாட்ஸ் பின்னால் சொன்னார். அந்த வருஷம் அக்டோபரில், எருப் போட்ட மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் பிரித்தெடுத்த நுண்ணுயிரில் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. அதுவரை டி.பி.க்கு ஓய்வும் நல்ல காற்றும்தான் ‘மருந்து’. கிருமியையே அடிக்கிற முதல் மருந்து இதுதான்.

1944இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன். பூகி அதே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மாணவி. 1948இல் பேட்டன்ட் வந்தபோது அதில் இரண்டே பெயர்கள்தான். பூகி காணாமல் போனார். ஷாட்ஸும் வாக்ஸ்மனும் தங்கள் உரிமையைப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஷாட்ஸ் வாங்கிக்கொண்டது ஒரு டாலர். மருந்து ஜனங்களுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டார். ஆனால் வாக்ஸ்மனுக்கு ராயல்டியில் 20 சதவீதம் என்று அறக்கட்டளையோடு தனி ஒப்பந்தம் இருந்தது. மாணவருக்கு அது தெரியாது. தெரிந்ததும் 1950இல் வழக்குப் போட்டார். மாணவன் பேராசிரியர் மேல் வழக்குப் போடுவதா என்று அறிவுலகமே அவரைப் பகைத்துக்கொண்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஷாட்ஸ் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் என்று ஒத்துக்கொண்டு, அவருக்கு 3 சதவீதம், வாக்ஸ்மனுக்கு 10 சதவீதம் என்று பிரித்தார்கள். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஷாட்ஸுக்கு ஒரு பதக்கம் கொடுத்தது 1994இல். அம்பது வருஷம் கழித்து!

வெள்ளைக்காரன் நாட்டிலும் நிலவறை ஒருவனுக்கு, மேடை இன்னொருவனுக்கு. அங்கே அது நெறியாளர் அதிகாரம். இங்கே அந்த அதிகாரத்தோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. ‘தகுதி’, ‘திறமை’ என்று நம்மைப் பார்த்து வாய் கிழியப் பேசுகிறவர்கள், ஒரு கண்டுபிடிப்பில் யாருடைய தகுதி எவ்வளவு என்று எப்போதாவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

இதே கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். வாக்ஸ்மனுக்கும் மெர்க் கம்பெனிக்கும் இருந்த பழைய ஒப்பந்தப்படி ஸ்ட்ரெப்டோமைசின் அந்த ஒரே கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும். இத்தனை உயிர் சம்பந்தப்பட்ட மருந்தை ஒருவன் கையில் விடக்கூடாது என்று வாக்ஸ்மனே கேட்டுக்கொண்டார். மெர்க் தனியுரிமையை விட்டுக்கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை பல கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுத்தது. பலரும் போட்டி போட்டுத் தயாரித்ததில் விலை சரிந்தது. நைனாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் ஊசி கிடைத்ததற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம். ஆகவே பேட்டன்ட் என்ற காகிதமே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டா யார் பெயரில், அதை வைத்துக்கொண்டவர் மற்றவர்களை உள்ளே விடுகிறாரா, வேலி போடுகிறாரா என்பதுதான் கேள்வி.

பேட்டன்ட் என்பது ஒரு பேரம். நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 வருஷத்துக்கு வேறு யாரும் அதைச் செய்ய முடியாதபடி தடுக்கிற உரிமையை உனக்குத் தருகிறோம் என்று அரசு சொல்கிறது. தன் காசைப் போட்டவன் போட்ட காசை எடுக்கட்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சரி, காசு ஜனங்களுடையது என்றால்? பல்கலைக்கழகக் கட்டிடம் வரிப்பணம். பேராசிரியர் சம்பளம் வரிப்பணம். மாணவியின் உதவித்தொகை வரிப்பணம். தீப்பெட்டி வாங்குகிற கிழவியும் கட்டுகிற வரி அது. அந்தப் பணத்தில் கண்டுபிடித்ததை ஒரு கம்பெனிக்குத் தனியுரிமையாக எழுதிக் கொடுத்தால், அதே கிழவி மருந்துக்கடையில் இரண்டாவது தடவை காசு கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 1980இல் பே-டோல் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் நடக்கிற ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகமே பேட்டன்ட் எடுத்து விற்கலாம் என்றது அந்தச் சட்டம். இங்கேயும் அதைப் பார்த்து 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகாமலே போனது. ஆனால் சட்டம் வராமலே அந்தப் புத்தி நம் பல்கலைக்கழகங்களுக்குள் வந்துவிட்டது.

‘பேட்டன்ட் இல்லையென்றால் எவன் கண்டுபிடிப்பான்? லாபம் இருந்தால்தானே புதுமை வரும்?’ இந்தக் கேள்வியை நம் மாணவர்களே கேட்கிறார்கள். டி.பி.யை வைத்தே பதில் சொல்கிறேன். ரிஃபாம்பிசின் 1960களில் வந்த மருந்து. அதற்குப் பிறகு, புது வழியில் வேலை செய்கிற டி.பி. மருந்து ஒன்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 2012 டிசம்பரில்தான். பெடாகுயிலின் அதன் பெயர். நடுவில் நாப்பது வருஷத்துக்கு மேல்! அந்த நாப்பது வருஷமும் பேட்டன்ட் சட்டம் இருந்தது, கம்பெனிகள் இருந்தன, பல்கலைக்கழகங்கள் இருந்தன. லட்சம் லட்சமாக ஜனங்கள் செத்துக்கொண்டும் இருந்தார்கள். மருந்து மட்டும் வரவில்லை. ஏன்? சாகிறவன் கையில் காசில்லை. பேட்டன்ட் பணமுள்ள நோயைப் பார்த்துத்தான் ஓடும். 2023ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு டி.பி. வந்தது, 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நோய் வந்தவர்களில் நாலில் ஒருவர் இந்தியாவில். எந்தத் தெருவில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டன்ட் இல்லாமல் நடந்த புதுமைக்கும் தூரதேசம் போக வேண்டாம். 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து நடத்திய மையம். டி.பி. வந்தவனை சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய வேதவாக்கு. சென்னை நகரத்து ஏழைகள் 193 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு நெரிசலான தங்கள் சொந்த வீட்டில், அரைவயிற்றுக் கஞ்சியோடு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மாத்திரைகள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் இது வெளியானது. உலகம் முழுக்க டி.பி. வைத்தியத்தின் முகமே மாறியது. படுக்கை கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வீட்டிலேயே மருந்து என்ற வழி பிறந்தது. எங்க நைனாவை எந்த சானடோரியத்திலும் சேர்க்காமல், வீட்டிலிருந்தே ஊசிக்கு வரச் சொன்னார்களே, அந்த ஏற்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு யாரும் ராயல்டி கேட்கவில்லை. எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவைத் திறந்து வைத்தார்கள். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஆய்வு செய்த டாக்டர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த 193 பேர்? தங்கள் நுரையீரலைக் கொடுத்து அந்த அறிவை நிரூபித்தவர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள்? எண்ணிக்கையில்தான் இருக்கிறார்கள். பேட்டன்ட் விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவருக்கு ஒரு கட்டம், உடைமையாளருக்கு ஒரு கட்டம். உடம்பைக் கொடுத்தவருக்கும் உழைப்பைக் கொடுத்தவருக்கும் வரியைக் கொடுத்தவருக்கும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டம் இல்லாதவர்கள் உள்ளே புகுந்து கணக்கைக் கேட்ட கதையும் டி.பி.யிலேயே இருக்கிறது.

பெடாகுயிலினைக் கொண்டுவந்தது ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி. மருந்துச் சோதனைகளில் பொதுப்பணம் ஏராளமாகப் போனது. கம்பெனி போட்டதைவிடப் பொதுப்பணமே அதிகம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூலப் பேட்டன்ட் 2023 ஜூலையில் முடிய வேண்டும். கம்பெனி அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு பேட்டன்ட் கேட்டது. கிடைத்திருந்தால் 2027 வரை வேலி. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபுமேசா டிசிலே என்ற இரண்டு பெண்கள் 2019இல் இந்தியப் பேட்டன்ட் ஆபீசில் எதிர்மனுப் போட்டார்கள். இருவரும் டி.பி.யிலிருந்து பிழைத்தவர்கள். இருவருமே டி.பி. மருந்தால் கேட்கும் திறனை இழந்தவர்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் அதன் குடும்பத்து ஊசிகளும் காதைக் கெடுக்கும் என்பது நைனாவோடு முடிந்த கதை அல்ல. பெடாகுயிலின் வாயால் விழுங்குகிற மருந்து. அது எல்லோருக்கும் எட்டினால் இந்த ஊசிகளே வேண்டாம். அதனால்தான் போராடினார்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அதே வருஷம் ஆகஸ்டில், ஏழை நாடுகளுக்கு மருந்து வாங்கித் தருகிற உலக மருந்து ஏற்பாட்டில் ஆறு மாதச் சிகிச்சையின் விலை 289 டாலரிலிருந்து 130 டாலருக்கு இறங்கியது. இந்தியக் கம்பெனியும் போட்டிக்கு வந்திருந்தது.

இந்தச் செய்தியைப் படித்த அன்று நைனாவை நினைத்துக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது.

அந்த இரண்டு பெண்களுக்கு உதவிய சட்டத்தை நம் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இந்தியப் பேட்டன்ட் சட்டம் 1970இல் வந்தது. மருந்துப் பொருளுக்குப் பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்று அது அன்றைக்குச் சொன்னது. அந்த நிழலில்தான் இந்திய மருந்துக் கம்பெனிகள் வளர்ந்தன. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் பேட்டன்ட் வந்தது. ஆனால் போராட்டங்களின் பலனாக இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தார்கள். பிரிவு 3(ஈ) என்று சிலரும் 3(டி) என்று சிலரும் எழுதுகிறார்கள். பழைய பொருளுக்குப் புது உருவம் மட்டும் கொடுத்து, குணமாக்கும் திறன் கூடாமல், புதுப் பேட்டன்ட் கேட்கக்கூடாது என்பது அதன் சாரம். இன்னொன்று பிரிவு 25(1). பேட்டன்ட் வழங்குவதற்கு முன்னால் ‘எந்த நபரும்’ எதிர்க்கலாம் என்கிறது அது. எந்த நபரும்! வக்கீலாக, விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி, இந்த எதிர்மனுவுக்குக் கட்டணம் வைத்தார்கள். மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரியே முதலில் முடிவு செய்வார் என்றும் ஆக்கினார்கள். வாசல் இன்னும் மூடவில்லை. ஆனால் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டிருக்கிறார்கள். நாம் இதைக் கவனித்தோமா? ஒரு கண்டனக் கூட்டமாவது போட்டோமா?

இந்த இடத்தில் ஒரு சுயவிமர்சனம். 90களில் டங்கல் திட்டத்தை எதிர்த்து நடந்த கூட்டங்களில் நானும் கோஷம் போட்டிருக்கிறேன். ‘நம் முன்னோர் சொத்தான மஞ்சளையும் வேம்பையும் அந்நியன் திருடுகிறான்’ என்று மேடையில் பேசினார்கள். திருடியது உண்மைதான். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் பேட்டன்ட் வாங்கியது. இந்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து, 1997இல் அது ரத்தானது. நல்ல காரியம். ஆனால் எதைக் காட்டி ரத்து செய்ய வைத்தார்கள்? ஏடுகளையும் அச்சான எழுத்துகளையும் காட்டி. சமஸ்கிருதம், உருது, இந்தி உட்பட 32 ஆதாரங்கள். வெளிநாட்டில் வாய்வழியாக வழங்குகிற அறிவை அன்றைய அமெரிக்கச் சட்டம் ஆதாரமாக ஏற்கவில்லை. எழுதியிருந்தால்தான் செல்லும்.

எங்க ஆயா மருத்துவச்சி. ஊர்த்தெருவிலும் பிரசவம் பார்த்தவள் அவள்தான். தொப்புள்கொடி அறுத்து மஞ்சள் வைக்கிற கை அவளுடையது. பிள்ளை வெளியே வந்ததும் அவளை வெளியே அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவிவிடுவார்கள். அவளுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. அவள் அறிந்தது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அமெரிக்கக்காரன் ‘எழுத்து எங்கே’ என்று கேட்டபோது, ‘நம் முன்னோர்’ என்று காட்டப்பட்ட பட்டியலில் ஆயா இல்லை. தோல் ஷாப்பில் ஆவாரம் பட்டைத் தண்ணியை நாக்கில் தொட்டுப் பார்த்தே பதம் சொன்ன கிழவர்களும் இல்லை. அந்நியன் திருடியது தெரிகிறது. உள்ளூரில் முதலிலேயே பெயரை அழித்தது மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.

இதிலும் ஒரு வழி நம் சட்டத்தில் இருக்கிறது. எந்தச் சமூகத்திலாவது வாய்மொழியாகவே தெரிந்திருந்த அறிவு என்று காட்டினாலும் பேட்டன்டை எதிர்க்கலாம் என்று அதே பிரிவு 25 சொல்கிறது. நம் கிழவிகளும் கிழவர்களும் சட்டப்படி சாட்சிகள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, நாளும் ஊரும் போட்டு எழுதி வைக்க வேண்டியது படித்த நம் பிள்ளைகளின் வேலை.

‘மாணவர்கள் சத்தம் போட்டால் பல்கலைக்கழகம் அசையுமா?’ அசைந்திருக்கிறது. ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தின் பேட்டன்ட் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. பொருளை 1960களிலேயே வேறொரு விஞ்ஞானி அரசுப் பணத்தில் தயாரித்துவிட்டார், அது எச்.ஐ.வி.யை அடக்கும் என்று கண்டது யேல். தனி உரிமம் பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்கிவிப் கம்பெனிக்கு. ராயல்டி பல கோடி டாலர். தென்னாப்பிரிக்காவில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். 2001 தொடக்கத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலுக்குக் கடிதம் எழுதியது: மலிவான மருந்தை அங்கே கொண்டுபோக வழிவிடுங்கள். ஒப்பந்தம் எங்கள் கையைக் கட்டியிருக்கிறது என்றது யேல். மாணவர்கள் விடவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், பத்திரிகைகளுக்குப் போனார்கள். மருந்தின் பயனைக் கண்டுபிடித்த பேராசிரியர் வில்லியம் ப்ரூசாஃபும் மாணவர்கள் பக்கம் நின்றார். மார்ச் மாதத்திலேயே கம்பெனி இறங்கி வந்தது. தென்னாப்பிரிக்காவில் பேட்டன்டைக் காட்டித் தடுக்க மாட்டோம், விலையையும் குறைக்கிறோம் என்றது. சில வாரங்கள்தான் ஆயின. ஒப்பந்தத்தை ஒருவரும் திருத்த முடியாது என்று சொன்னவர்கள்தான் திருத்தினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2016 முதல் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்குத் தரவரிசை போடுகிறது. அதில் பேட்டன்டுக்கும் மதிப்பெண் உண்டு. 2021இல் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். உடனே கல்லூரிக்குக் கல்லூரி ‘எங்கள் பேராசிரியருக்குப் பேட்டன்ட்’ என்று பேனர். மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் ‘வெளியானது’ என்றால் பேட்டன்ட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. போட்ட விண்ணப்பம் 18 மாதத்தில் தானாகவே வெளியாகும். கேட்டுக்கொண்டால் முன்னாலேயே வெளியாகும். பரிசோதித்து ‘வழங்கப்பட்டது’ என்றால்தான் பேட்டன்ட். வழங்கியதாலும் யார் வயிறும் நிறைந்துவிடாது. அது பொருளாகி, மருந்தாகி, எட்டுகிற விலையில் ஜனங்களிடம் போக வேண்டும். பேனருக்காகப் போடுகிற பேட்டன்டில் புதுமையும் இல்லை, பொதுநலமும் இல்லை. மதிப்பெண்ணுக்குப் பெயர் சேர்க்கிற அவசரத்தில் முதலில் விழுவது வேலை செய்த மாணவரின் பெயர்.

அந்த மாணவியிடம் நான் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். சட்டத்தின் பிரிவு 28 உங்களுக்கானது. கண்டுபிடித்தவர் என்று தன் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமை அதில் இருக்கிறது. பேட்டன்ட் வழங்கப்படுவதற்கு முன்னாலேயே கோர வேண்டும். ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதுங்கள். நகலை வீட்டில் வையுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகக் கேட்டால் மிரட்டுவார்கள். நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

அமைப்புகள் கேட்க வேண்டியவையும் உண்டு. கண்டுபிடித்தவர் பட்டியலை நெறியாளர் மட்டும் முடிவு செய்யக்கூடாது. மாணவரும், பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவின் பிரதிநிதியும் இருக்கிற குழு முடிவு செய்ய வேண்டும். பொதுப்பணத்தில் பிறந்த பேட்டன்டை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது. கொடுத்தே தீர வேண்டுமென்றால் விலைக்கு வரம்பு கட்ட வேண்டும், ஒப்பந்தத்தை ஜனங்கள் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். மக்களிடம் கேட்டு அறிந்ததை, யாரிடம் கேட்டது என்று பதிவு செய்து, அவர்கள் சம்மதத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நோய்க்கு, யாருடைய தேவைக்கு ஆராய்ச்சி என்பதைத் தீர்மானிக்கிற மேசையில் நமக்கு நாற்காலி வேண்டும். சுண்ணாம்புக் குழியிலும் சாக்கடைக் குழியிலும் இறங்குகிறவன் மூச்சைப் பற்றி எத்தனை ஆய்வேடு இருக்கிறது என்று ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் மாணவர்கள் எண்ணிப் பார்த்து எழுதட்டும்.

அந்த மாணவி பிரிவு 28இன்படி மனு எழுதிவிட்டார். நெறியாளரின் கையெழுத்து வேண்டிய இன்னொரு காகிதமும் அவரிடம் இருக்கிறது. அது ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கானது. எதை முதலில் நீட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். பட்டமும் வேணும், பேட்டன்டில் பெயரும் வேணும், இரண்டும் அவருடையதுதான். அவரைத் தனியாக நிற்க விடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

இதேபோல் கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் துறை என்று போட வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம். விவாதிப்போம்.